பதிவேட்டில் இடம்பெறாத நேரம்

அழகர்மலை அடிவாரத்தில், பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி, என் அத்தா ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். கள்ளழகரைத் தரிசிக்க வருவோர், நூபுர கங்கையில் நீராட வருவோர், பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியின் முன் சத்தியம் செய்ய வருவோர் என ஆண்டு முழுதும் மக்கள் வந்தவண்ணம் இருப்பர். சித்திரையில் அழகர் மலையிறங்கி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி வழியாக வைகைக்குப் புறப்படும் நாட்களில் கடையை அடைக்கவே இயலாது. அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் இல்லத்தில் ஓரிரவு தங்குவதாக மக்கள் கூறும் வழக்கு உண்டல்லவா? அதைக் கொண்டு ஊரார் அத்தாவை ‘நாச்சியார் வீட்டுக்காரர்’ என்று கேலி பேசுவர், அவரும் சிரித்துக்கொள்வார். (‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வு நூலை எழுதிய தொ. பரமசிவன், இளையான்குடி சாகிர் உசேன் கல்லூரியில் தமிழ் பயிற்றியவர் என்பது நம்மனோர் மகிழத்தக்க செய்தி.)

நான் இளங்கலை இரண்டாமாண்டு பயின்றபோது, சர்க்கரை நோயால் அத்தாவின் பார்வை மங்கத் தொடங்கிற்று. சக்கரத்தைக் கழற்றுவார், கோட்டம் எடுக்க இயலாது. ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்து எட்டு மணி வரை நான் வேலை பார்ப்பேன். பின்னர் பேருந்தேறி மதுரையில் கல்லூரி. மாலையில் வடக்குமாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பணி. திருமண அழைப்பிதழ், இரசீதுப் புத்தகம், கட்சித் துண்டறிக்கை, எப்போதேனும் ஒரு கவிதை நூல். கடைசிப் பேருந்தில் 21 கிலோமீட்டர் கடந்து வீடு சேரும்போது பத்தரை மணியாகிவிடும். வைகறைத் தொழுகைக்கு அம்மா எழுப்புகையில், இப்பொழுதுதானே படுத்தோம் என்று தோன்றும்.

ஏப்ரல் தேர்வும் சித்திரைத் திருவிழாவும் சேர்ந்தே வரும். ஓராண்டு, இரவு முழுதும் பஞ்சர் ஒட்டிவிட்டுத் தேர்வுக்கூடம் சென்றேன். இலக்கணத் தாளின் முதற்பக்கத்தில் என் கட்டைவிரல் கிரீசுடன் அப்படியே பதிந்துவிட்டது. வேண்டுமென்றே அடையாளக் குறி இட்டதாகக் கொள்வார்களோ என்னும் அச்சத்திலேயே பாதி நேரம் கழிந்தது. அத்தாளில் எனக்குக் கிடைத்தவை 41 மதிப்பெண்கள்.

உழைத்துக்கொண்டே படித்தவர்களை நம் மேடைகள் பெரிதும் போற்றுகின்றன. அப்துல் கலாம் செய்தித்தாள் விநியோகித்த கதை கூறப்படாத ஆண்டுவிழா இல்லை. ஆனால் அவர் அவ்வேலையைச் செய்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இராமேசுவரத்தில் சிறுவராக இருந்தபோது. 1950களில் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கலாம் அமர்ந்து படிப்பதற்கான நேரத்தை அந்த வளையல்களே வாங்கித் தந்தன. இப்பகுதியை மேடையில் சொல்வோர் குறைவு.

மு.வ. அவர்கள் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததையும் இவ்வாறே எடுத்துக்காட்டுவர். உடல்நலம் குன்றியதால் அவர் அப்பணியை விட நேர்ந்ததைக் கூறுவதில்லை. 1935இல் தாமே பயின்று வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாகத் தேறினார். 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம் என ஆசிரியப் பணியிலிருந்துகொண்டே அடுத்தடுத்துப் பெற்றார். 1971இல் நம் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பெருஞ்சாதனைதான். ஆயினும் ஒரு மு.வ.வைக் காட்டி ஓராயிரம் பேரை அவ்வழியே போகச் சொல்லலாமா என்பது என் ஐயம்.

மராட்டிய மாநிலம் சாத்தாராவில், கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919இல் தோற்றுவித்த ரயத் கல்விச் சங்கம், 1947இல் நிறுவிய தன் கல்லூரியில் ‘உழைத்துப் படி’ என்பதையே ஒரு திட்டமாக நடத்தியது. அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் வாரம் பத்து மணி நேரமேனும் வேலை செய்தாக வேண்டும்; கல்விக் கட்டணம் கிடையாது. இவ்விரண்டு இடங்களிலும் மாணவனின் வேலை நேரத்தைக் கல்லூரி அறியும். நம் மாணவனுக்கோ வேலை கொடுப்பவர் வேறு, வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவர் வேறு.

அப்பதிவேட்டை வைத்திருந்தவன் நானே. இறையருளால் எம்.ஃபில். முடித்து ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்றபின், 2022இல், கள்ளந்திரிப் பக்கத்து மாணவன் ஒருவன் இரண்டாமாண்டு வகுப்பில் இருந்தான். முதற்பாட வேளைக்கு ஒழுங்காக வரமாட்டான், வந்தால் உறங்குவான். “இரவெல்லாம் என்னப்பா செய்கிறாய்?” என்று வகுப்பே சிரிக்கும்படி ஒருநாள் கேட்டேன். “ஒன்றுமில்லை ஐயா” என்றான். பருவ இறுதியில் 75 விழுக்காடு வருகை இல்லாதோர் பட்டியலில் அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை.

அவன் நண்பர்கள் பின்னர் கூறித்தான் அறிந்தேன். இரவு இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை இறக்குவானாம். மாலையில் இருசக்கர வண்டியில் வீடு வீடாக உணவு கொண்டுசேர்க்கும் வேலை. முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. தகப்பனார் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

கேட்கவேண்டிய கேள்வியையே நான் கேட்டிருக்கிறேன். ஆனால் சிரிப்பதற்காகக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு என் மாணவப் பருவத்து வருகைக் கணக்கு நினைவுக்கு வந்தது. எனக்கு மட்டும் 75 விழுக்காடு எவ்வாறு நிறைந்தது? முதற்பாட வேளைக்கு வந்த என் ஆசிரியர் வகுப்பின் முடிவில்தான் வருகை எடுப்பார். பேருந்து தாமதம் என்று நான் கூறுவதை நம்பியவர்போலத் தலையசைப்பார். அதை அவருடைய மறதி என்றே இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு குடும்பத்தைத் தாங்குகிறவனின் உறக்கத்தை அத்தொகையால் மீட்டுத்தர இயலாது.

இவ்வாண்டு மே மாதம் குடும்பத்துடன் ஊருக்குச் சென்றிருந்தேன். மலைக்குச் செல்லும் வழியில் ஒரு வேன் எங்கள் அருகே வந்து நின்றது. “ஐயா, என்னைத் தெரிகிறதா? ஏறுங்கள்” என்றான். என்னால் உடனே பேச முடியவில்லை. அந்தப் பட்டியலைப் பற்றி நானே தொடங்கினேன். “அதெல்லாம் விடுங்கள் ஐயா” என்று வளைவில் கவனமாக வண்டியைத் திருப்பினான். கட்டணம் வாங்க மறுத்துவிட்டான். இறங்கும்போதுதான் கேட்டான்: “இனிமேல் சேர முடியுமா ஐயா?”

துறைத்தலைவரும் முதல்வரும் பரிவுடன் செவிசாய்த்தனர். ஜூனில் மூன்றாம் பருவத்திலேயே மறுபடியும் சேர்ந்தான். மாலை வேலையை விட்டுவிட்டான். பூச்சந்தையை விட இயலவில்லை. நான் இப்பொழுது வகுப்பின் முடிவில் வருகை எடுக்கிறேன். இதனை ஒப்பாத நண்பர்கள் துறையில் உண்டு. சோம்பித் திரிபவனும் அந்த வாயில் வழியே நுழைந்துவிடுகிறான் என்கின்றனர். அதிலும் உண்மை இருக்கிறது.

சென்ற திங்களன்று அவன் 25 நிமிடம் தாமதமாக வந்தான். சட்டையில் மல்லிகை மணம். குறுந்தொகைப் பாடல் ஒன்றின் நடுவில் இருந்தோம். பக்கத்தில் இருந்தவன் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினான்.