மூலைக்கு ஒரு பூ

சித்திப் பெண்கள் தைக்கும் போர்வையில் கடைசியாக ஒரு வேலை உண்டு. துண்டுத் துணிகளைச் சிறு முக்கோணங்களாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு மூலைகளிலும் கையால் தைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே பூதான். பூ வைக்காத போர்வை அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பூவால் குளிர் கொஞ்சமும் குறையாது. ஆனாலும் அது வேண்டும்.

தோழர்களே, யார் அதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சித்திகள். கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைப்பட்டு, தப்பி வந்து, இன்றைய கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் ஒதுங்கியவர்கள் பலர். இந்துவாகவும் முஸ்லிமாகவும் கிறித்தவராகவும் வாழ்கிறார்கள். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள் ஏராளம். கர்நாடகத்துச் சித்திகள் பட்டியல் பழங்குடியாக ஏற்கப்பட்டதே 2003இல்தான்.

அந்தப் போர்வைக்குப் பெயர் ‘கவந்தி’. அடியில் ஒரு சேலை. மேலே, உடுத்திக் கிழிந்த துணிகளின் ஒட்டுகள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். முன்கூட்டி வரைந்த வடிவம் எதுவும் இல்லை. அடுத்த ஒட்டு எது என்பதைக் கையும் கண்ணும் அங்கேயே முடிவு செய்கின்றன.

அந்த முறையில் நாங்களும் ஒரு போர்வை தைத்தோம். எங்களில் சிலர் பகலில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவர்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு அங்கே கழுத்தில் உட்கார்ந்திருக்கும். தைத்த சட்டை எங்கே போகிறது, யார் போடுகிறார்கள் என்பது தெரியாது. இங்கேயும் ஊசி நூல்தான், அதே விரல்கள்தான். ஆனால் நடுப்பகுதியில் கடைசிச் சுற்று நெருங்கியபோது வேகத்தை நாங்களே குறைத்துக்கொண்டோம். மூலைப்பூவில் துணி அடுக்கு தடித்து ஊசி இறங்க மறுத்தபோதும் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. பேச்சு தானாக நின்று, நூல் துணிக்குள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிறைவை நாங்கள் மிஷினில் கண்டதில்லை.

இதைக் ‘கைத்தொழிலின் மகிமை’ என்று யாராவது புகழ வந்தால் தள்ளி நில்லுங்கள். தோல் பதனிடுவதும் கைவேலைதான். பிணக்குழி வெட்டுவதும் கைவேலைதான். பிறப்பைக் காட்டித் தலையில் கட்டப்பட்ட வேலையில் மகிமையைத் தேடச் சொல்வது ஆண்டையின் பேச்சு. சாதி உழைப்பாளிகளையே கூறுபோடுகிறது, அதில் மனிதரின் விருப்பத்துக்கு இடமே இல்லை என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எடுத்துக்காட்டினார். எங்களுக்கு இனித்ததும் அந்த விருப்பம்தான். எப்போது தொடங்குவது, எந்த நிறம், எப்போது நிறுத்துவது என எல்லாம் எங்கள் கையில் இருந்தன.

கூலி, நிலம், தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று கேட்டுக்கேட்டு, உயிர்வாழத் தேவையானதை மட்டுமே கேட்கப் பழகிவிட்டோம். ஓய்வையும் அழகையும் போராட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். சித்திப் பெண்கள் அப்படித் தள்ளிவைக்கவில்லை.

எங்கள் முதல் போர்வை தோழி ஒருத்தியின் கைக்குழந்தைக்குப் போயிருக்கிறது. நான்கு மூலையிலும் நான்கு நிறப் பூக்கள். குழந்தை ஒரு பூவைப் பிடித்து வாயில் வைத்துச் சப்புகிறதாம்.