மனை பார்க்கப் போனோம்

கம்பம் பள்ளத்தாக்குக்குச் சுருளி அருவியில் நீராடப் போவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனைத் தரிசிக்கப் போவார்கள். நானும் என் தமக்கையும் போனது மனை பார்க்க! அக்கா, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "ஒரு சின்ன வீடு, மூலையில் ஒரு முருங்கை" என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தாள்.

தேனியில் ஏறிய பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். இடப் பக்கம் மேகமலை. வலப் பக்கம் கேரள எல்லை மலைகள். நடுவே நெல்லும் வாழையும் தென்னையும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக் கொடிகள் பந்தல்களில் படர்ந்திருக்கின்றன. மேற்கே போய்க் கடலில் கலக்க இருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுயிக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டாரே, அதனால் இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்காலும் கண்மாயும் இல்லாத ஊர் இங்கே அபூர்வம்.

சின்னமனூருக்கு அப்பால் ஓரிடத்தில் இறங்கினோம். பங்குனி வெயில். வெள்ளைக் கற்களும் வண்ணக் கொடிகளுமாக மனைகள் அணிவகுத்து நின்றன. "கண்மாய்க் காற்று, அம்மா! மின்விசிறியே வேண்டாம். இன்றே முன்பணம் கொடுத்தால் மூலை மனை உங்களுக்கு" என்றார் தரகர். அக்கா கைப்பையைத் திறந்தேவிட்டாள்.

அந்த மூலையில் கோரை முளைத்திருந்ததை நான் கவனித்தேன். புஞ்சைக் காட்டில் கோரைக்கு என்ன வேலை? பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். முன்பு நீர்க்கட்டியாக இருந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவராம்.

"மறுகால் பாயுற அன்னைக்கு வந்து பாருங்க தாயி, அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அக்கா பையை மூடினாள். தரகரின் முகம் வாடியது.

மறுநாள், தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துப் போனோம். அவர் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டினார். சாம்பல் நிறக் களிமண். அதில் வேர் ஓடிய வழியெல்லாம் துரு நிறக் கோடுகள். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண் இப்படித்தான் சாம்பலாகும். வேர் வழியே காற்று இறங்கும் இடத்தில் மட்டும் இரும்பு துருவேறும். நீர், மண், செடி என்ற மூன்றையும் பார் என்றுதான் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் 1987-ஆம் வருஷக் கையேடும் சொல்கிறது.

பிறகு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பிடித்து, மறுகாலின் உயரத்தைப் படிப்படியாக மனை வரை கொண்டுவந்தார் கொத்தனார். மறுகால் உயரம்வரை நீர் ஏறினால்தான் கண்மாய் நிரம்பியதாகக் கணக்கு. அந்த மட்டம் எங்கள் மூலைக் கல்லுக்கு முழங்கால் உயரம் மேலே நின்றது!

தாலுகா ஆபீஸில் புலப்படத்தையும் பார்த்தோம். மனையின் ஒரு பகுதி வாய்க்கால் புறம்போக்கு. மீதி பட்டா நிலந்தான். ஆனால் பட்டா இருக்கிறதென்று தண்ணீர் ஒதுங்கிப் போகுமா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017-ஆம் வருஷ ஈரநில விதிகள் நெல் வயலையும், பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலையையும் தம் கணக்கில் சேர்க்கவில்லை. பொதுப்பணித் துறையின் கண்மாய்களை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும், வாங்குகிறவர் தாமே விசாரிப்பதுதான் நல்லது. புலப்படமும் 'அ' பதிவேடும் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு நடை போய் வாருங்கள்.

ஐப்பசியில் நாங்கள் மறுபடி போனோம். மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கற்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அக்கா முருங்கைக்குக் குறித்து வைத்திருந்த இடத்தில் ஒரு நாரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

"நல்ல வேளை!" என்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள் அக்கா.