வெளியே போகச் சொல்கிறார்கள்

ஆபீசில் இருக்கிற சாதி இப்போ செல்போனுக்குள்ளேயும் குடியேறியிருக்கு. நான் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எங்க பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், 38 பேர். டூட்டி, மீட்டிங், உத்தரவு எல்லாம் அதுலதான் வரும். போன ஏப்ரல் 14 அன்று பாபாசாகேப் படம் போட்டேன். கீழே ஒருத்தர் 'கோட்டா சாமி' என்று எழுதினார். வரிசையா ஒன்பது பேர் சிரிச்ச மூஞ்சி போட்டாங்க. மறுநாளிலிருந்து நான் சீட்டுக்குப் போனாலே 'சாமி வந்தாச்சு' என்றார்கள். என் கோப்பில் பிழை இருந்தால் 'கோட்டா'. பிழை இல்லையென்றால் பேச்சே இல்லை.

அதிகாரியிடம் சொன்னேன். "தமாசுக்குப் போட்டதும்மா. கஷ்டமா இருந்தா குரூப்ப விட்டு வெளிய போயிரு" என்றார். பக்கத்து சீட்டு அக்காவும், "இன்னும் தகுதிகாண் பருவமே முடியல, எதுக்கும்மா வம்பு" என்றார். வெளியே போனால் உத்தரவு எனக்கு வராது. வராத உத்தரவைச் செய்யலைன்னு எனக்கே மெமோ வரும். சேரியை ஊருக்கு வெளியே வைத்ததும் இதே நியாயம்தான்.

1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு, பியூன்கள் கோப்புகளைத் தூர நின்று மேசைமேல் எறிந்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து வந்தவருக்குத் தங்க இடம்கூடக் கிடைக்கவில்லை. வேலையை விட்டுப் போனார்.

அன்று அவருக்குச் சட்டம் இல்லை. நமக்கு இருக்கு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26இல் நடப்புக்கு வந்தது. நாம் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவரை, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் எழுத்தாலோ பேச்சாலோ இழிவுபடுத்தினால், 3(1) பிரிவின்படி அது குற்றம். நம்மைச் சாதி சொல்லித் திட்டினால், பொதுப் பார்வையில் நடந்ததா என்று கேட்பார்கள். இதற்கு அந்த நிபந்தனையும் கிடையாது.

பாலியல் தொல்லைக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் வேலை செய்கிற இடத்திலேயே குழு வைக்கணும். சாதித் தொல்லைக்கு எங்களைப் போன்ற அலுவலகங்களில் குழு வைக்கச் சொல்லி அப்படியொரு சட்டம் இல்லை. அதிகாரி மனசு வைத்தால் உண்டு.

அதனால் எதையும் போனிலிருந்து அழிக்கவில்லை. தேதி, நேரம், எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். மனுவை இரண்டு பிரதி எழுதி, தபால் பிரிவில் என் பிரதியில் சீல் வாங்கினேன். வாயால் சொன்னது தமாசாப் போச்சு. சீல் விழுந்த காகிதத்துக்குப் பதில் எழுதியாகணும்.

மூன்று மாதமாச்சு. விசாரணை தொடங்கல. 'சாமி' என்ற பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. என் தகுதிகாண் பருவ அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே அதிகாரிதான். நான் குரூப்பில்தான் இருக்கிறேன். யார் வெளியே போகணும் என்பதை மனுவில் எழுதியிருக்கிறேன்.