மரக்கலமும் கச்சானும்



தரம் 3 இல் பிள்ளை ஒன்று 'ம-ர-க்-க-ல-ம்' என்று எழுத்துக் கூட்டிச் சரியாகத்தான் வாசித்தது. பொருள் கேட்டால் முழித்தது. "கவனமில்லை" என்று ஏசிவிட்டோம். பிழை எங்களுடையது.

இதை விளங்கிக்கொள்ளச் சீன எழுத்து உதவும். அங்கே சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடுவதில்லை. எந்த எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன என்பதை வாசிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். 'பூ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'பிறப்பு' என்ற எழுத்து வந்தால், அது கச்சான்! அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவருக்கு உடனே விளங்கும். மற்றவர் பூவிலேயே நின்றுவிடுவார்.

கொழும்பு நூதனசாலையிலுள்ள 1409 ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. பழைய தமிழ்க் கல்வெட்டுகளிலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நம் முன்னோரும் தெரிந்த சொல்லை வைத்துத்தான் பிரித்து வாசித்தார்கள்.

எங்கட பிள்ளை மரக்கலம் என்ற சொல்லைக் கேட்டதேயில்லை. அடுத்த நாள் துறைமுகத்தைக் காட்டி, அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் கதை சொன்னோம். பிறகு அந்தச் சொல் தடங்கலின்றி வந்தது.

உம்மாமாரே, வாப்பாமாரே, எழுத்துக் கூட்டும் பிள்ளையை ஏசாதீர்கள். இரவில் பத்து நிமிடம் கதை சொல்லுங்கள். காதில் விழுந்த சொல்லைக் கண் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.