பாலத்தில் இறங்கி ஏறுங்கள்

சென்னையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு ரகம் உண்டு. "டெல்லியில் அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கு. ஏர்போர்ட்லயே உட்கார்ந்திருக்கணுமா?" சண்டிகர் போகிறவர், ஸ்ரீநகர் போகிறவர், அமிர்தசரஸ் போகிறவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜனக்புரியில் குடியிருப்பவர்களுக்கு விமான நிலையம் கூப்பிடு தூரம் என்பது உறவினர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு 'லேஓவர்' என்ற சொல் நெடுநாள் தொல்லை. 'இடைத்தங்கல்' என்று எழுதலாம். ஆனால் தங்கல் என்றதும் ஒரு பாய், ஒரு வேளைச் சாப்பாடு என்றெல்லாம் நினைவு போகும். விமான நிலையத்தில் இருப்பதோ இரும்பு நாற்காலியும் விலை அதிகமான காபியும்தான். வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது. சத்திரம், சாவடி, தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கி. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டிய சமூகம் நம்முடையது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. விமான நிலையத்தில் இல்லாதது அந்த ஊர்தான்.

உண்மையில் ஊர் இருக்கிறது, சுவருக்கு வெளியே. அதனால் கேட்பவர்களிடம் "பாலத்துக்குப் போய்விட்டு வாருங்கள்" என்கிறேன். "எந்தப் பாலம்?" என்று உடனே கேட்பார்கள். ஆற்றைக் கடக்கும் பாலம் அல்ல. டெல்லியின் பழைய கிராமங்களில் ஒன்றின் பெயர் அது. 1986இல் இந்திரா காந்தியின் பெயர் வைக்கப்படும்வரை விமான நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்.

முதல் டெர்மினலிலிருந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிலையம் பாலம். ஐந்தாவது ஜனக்புரி மேற்கு. 2018இல் இந்தப் பாதை திறந்த பிறகு காரியம் சுலபமாகிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் பாலம் தொலைதூரத்து எல்லை. மொகலாயப் பேரரசு தேய்ந்துபோன நாட்களில், இரண்டாம் ஷா ஆலமின் ராஜ்யம் டெல்லியிலிருந்து பாலம் வரைதான் என்று ஊர் கேலி பேசியது. இன்னும் பின்னால் போனால், பல்பன் சுல்தானாக இருந்த 1276ஆம் ஆண்டின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள உச் என்ற ஊரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த உத்தரர் என்பவர், பாலத்தை ஒட்டி ஒரு கிணறு வெட்டிய செய்தியைச் சொல்கிறது அது. களைத்து வருபவர்களின் தாகம் தீர்க்கத்தான் அந்தக் கிணறு. வெளியூரிலிருந்து வந்து பிழைத்தவர் வழிப்போக்கர்களை நினைத்துச் செய்த காரியம். கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

சென்ற குளிர்காலத்தில் சண்டிகருக்கு மகள் வீட்டுக்குப் போகும் வழியில் என் பெரியப்பாவுக்கு ஆறு மணி நேரம் கிடைத்தது. ஓய்வுபெற்ற தாசில்தார். வேலையில் பெரும்பகுதி நில ஆர்ஜிதத்தில் கழிந்தது. அவரை பாலத்துக்கு அழைத்துப் போனேன். ஈ-ரிக்‌ஷா நுழைந்து திரும்ப முடியாத சந்துகள், நாலு மாடி வீடுகள், தலைக்கு மேல் மின்கம்பிகள். இதைக் கிராமம் என்று நம்ப அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. தாதா தேவ் கோயிலுக்குப் போனோம். சுற்றிலும் உள்ள 12 கிராமங்களுக்குக் குலதெய்வம் என்றதும் "நம்ம ஊர் அய்யனார் மாதிரி" என்று சட்டென்று சொல்லிவிட்டார்.

பிறகு சௌபாலில், அதாவது ஊர்ச்சாவடியில், ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். அவர் பேசிய ஹரியானாப் பேச்சை நான் தமிழாக்க, பெரியப்பாவின் தமிழை இந்தியாக்கினேன். தன் சகோதரியைக் கட்டிக்கொடுத்த ஊர் நாங்கல் தேவத் என்றார். விமான நிலைய விரிவாக்கத்துக்காக அந்தக் கிராமமே காலி செய்யப்பட்டது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு மக்கள் வசந்த் குஞ்ச் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைத்த தெரு இப்போது வேலிக்கு அந்தப் பக்கம்" என்றார்.

பெரியப்பாவின் பழைய உத்தியோகம் பற்றி நான் சொன்னதும், "உங்கள் பக்கம் நிலம் எடுத்தபோது என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, விவரம் தெரிந்துகொள்ளும் ஆவல்தான். "சர்க்கார் நிர்ணயித்த தொகை" என்றார் பெரியப்பா. அதை நான் மொழிபெயர்த்தேன். இங்கேயும் அதேதான் என்பதுபோல முதியவர் தலையசைத்தார். யாரோ டீ கொண்டுவந்தார்கள். பைசா வாங்க மறுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் பெரியப்பா சொன்னார்: "ஏம்மா, எத்தனை ஊரை அளந்திருப்பேன். எடுத்த பிறகு ஒரு ஊருக்குக்கூட நான் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை."

சுற்றுலாக் கையேடுகள் இந்த ஆறு மணி நேரத்துக்கு குதுப் மினாரையும் இந்தியா கேட்டையும் சிபாரிசு செய்யும். அவையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நாம் இறங்கி ஏறும் நிலம் யாருடையதாக இருந்தது என்று தெரிந்துகொள்வது, அந்த நிலத்தில் சில மணி நேரம் விருந்தாளியாக இருப்பவரின் குறைந்தபட்ச மரியாதை. டெல்லிக்கு மட்டும் பொருந்துவதல்ல இது. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் என்று பரந்தூரைச் சுட்டியதும் ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடத் தொடங்கியது நமக்குத் தெரிந்ததுதானே. ஜனக்புரியும் விதிவிலக்கில்லை. எங்கள் காலனி வீடுகளுக்கு நடுவே அசாலத்பூர் கிராமம் இன்னும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு சில நடைமுறைக் குறிப்புகள். கையில் ஐந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பெரும்பாலும் சேருமிடத்துக்கே பதிவாகியிருக்கும், சென்னையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது டெர்மினலில் இறங்குபவர்கள் முதல் டெர்மினலுக்கு வர நேரம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் விசா இல்லாமல் வெளியே வர முடியாது. அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் விமானம் தாமதமானாலும் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சாவடியில் யாராவது டீ கொடுத்தால் மட்டும் மறுக்காமல் குடியுங்கள்.