வாரண்ட் ஏறிய வருசம்

வினாயகபுரத்துக்கு இன்றைக்கும் கோச்சி கிடையாது. 1928இல் மட்டக்களப்பு வரைக்கும் வந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அம்பாறைக் கரையோரம் அதைக் காணவேயில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்குப் போவதென்றால் எங்களுக்கு முதலில் பஸ். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று ஊருக்கு ஊர் ஏற்றி இறக்கி, கல்லடிப் பாலம் தாண்டும்போது சட்டையெல்லாம் கசங்கிப் போயிருக்கும். அப்படி வந்தவர்கள் ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததும் துரைமாராகிவிடுவோம். எல்லாம் அப்பாவின் வாரண்ட் செய்த வேலை.

அரச உத்தியோகத்தர்களுக்கு லீவுப் பயணத்துக்குக் கொடுக்கும் இலவச ஆணைச்சீட்டு அது. எந்த வகுப்பு என்பது சம்பளத்தையும் தரத்தையும் பொறுத்தது. அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்த வருசம் வாரண்டும் முதலாம் வகுப்புக்கு ஏறியது.

இரவு மெயிலில் இரண்டு பேருக்கு ஓர் அறை. எனக்கு மேல்தட்டு. வெள்ளை விரிப்பு, தலையணை, தலைமாட்டில் சின்ன விசிறி. மூலையில் கை கழுவும் பேசின், அதற்கு மேலே கண்ணாடி. கோச்சி ஓடும்போது தண்ணீர் வரும் குழாய் என்பது எனக்குப் பெரிய அதிசயம். நித்திரை வரும்வரை திறந்து திறந்து மூடினேன். பெட்டிக்குப் பொறுப்பான மனிதர் கதவில் தட்டி, “மாத்தயா, காலையில எத்தனை மணிக்கு எழுப்ப?” என்று அப்பாவிடம் கேட்டார். என்னையும் “பொடி மாத்தயா” என்றார். ஊரில் என்னை அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

சாப்பாடு மட்டும் இல்லை. இந்தியாவில் 1969இல் ஓடத் தொடங்கிய ராஜதானியில் டிக்கெட் காசுக்குள்ளேயே சாப்பாடும் அடக்கம் என்று அப்பா எங்கோ வாசித்திருந்தார். எங்கள் முதலாம் வகுப்பில் படுக்கையோடு சரி. அம்மாதான் வாழையிலையை அடுப்பில் வாட்டி, சோறும் பொரித்த பாரைக்குட்டியும் இடிச்ச சம்பலும் வைத்துக் கட்டித் தந்திருப்பா. அவிழ்த்ததும் அந்தச் சின்ன அறை முழுக்க மீன் மணம் நிறைந்துவிடும். வாட்டிய இலையின் பச்சை வாடை சோற்றில் இறங்கியிருக்கும். சம்பல் பட்ட பக்கத்துச் சோறு சிவந்து, எண்ணெய் ஊறிக் கிடக்கும். “வேலைக்காரப் பொடியன் சாப்பிட்டிருக்க மாட்டான் மனே, ஒரு பொதி கூடக் கட்டியிருக்கன்” என்று அம்மா சொல்லியிருந்தபடி அந்த மனிதருக்கும் ஒன்று கொடுத்தோம். உண்மையில் அவர் அப்பாவை விட மூத்தவர். ஆக, முதலாம் வகுப்பில் இலவசச் சாப்பாடு கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

எனக்கிருந்த குறை வேறு. வடைக்காரரும் கச்சான்காரரும் எங்கள் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார்கள். வாரண்ட் முடிந்துபோய், காசு கொடுத்து உதயதேவியில் மூன்றாம் வகுப்பில் பகலில் போன பயணங்களில்தான் அவர்கள் கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து வந்தார்கள். கச்சான் சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. சிவப்பு மையில் இரண்டு பிழை போட்டிருந்தது. தின்று முடித்துவிட்டு அந்தக் கணக்குகளைச் செய்து பார்த்தேன். மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே கோச்சிக்கும் வாகனங்களுக்கும் அப்போது ஒரே பாலம். நாங்கள் கடந்து முடியும்வரை பஸ்களும் லொறிகளும் கரையில் காத்துக் கிடக்கும். அந்த மரியாதை எல்லா வகுப்புக்கும் பொது.

பிறகு யுத்தம். மட்டக்களப்புக்கு நின்றுபோன சேவை 2003இல்தான் திரும்ப வந்தது. 2011இல் கண்டி, பதுளைப் பக்கம் ஓடிய கோச்சிகளில் தனியார் சொகுசுப் பெட்டிகளைக் கொளுவி, கட்டணத்துக்குள்ளேயே சாப்பாடும் கொடுத்தார்கள். அப்படி ஒன்றில் கண்டிக்குப் போனேன். குளிர் நன்றாக இருந்தது, பணிவிடையும் குறைவில்லை. மடியில் வைத்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு சாண்ட்விச், ஒரு துண்டு கேக். பொல்காவலையில் வடைச் சத்தம் கேட்டதும் யன்னலைத் திறக்கப் பார்த்தேன். அது திறக்கிற யன்னல் இல்லை.