கேட்கப்படாத அபிப்பிராயம்

குதிரைப் பந்தய நாளன்று மனிதனுக்கு ஒரு வாய் போதுவதில்லை. சிம்பாங் ரெங்கத்துக் கோப்பிக் கடைகளில் இதைப் பல்லாண்டுகளாய்க் கண்டு வந்திருக்கிறோம். ஆயினும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சனிக்கிழமை கேட்ட பேச்சைப்போல் முன்னெப்போதும் கேட்டதில்லை. சிங்கப்பூர்க் கிராஞ்சித் திடலில் அன்றுதான் கடைசிப் பந்தயம். 1842இல் தோன்றிய பந்தயச் சங்கம் 182 ஆண்டுகளுக்குப் பின் தங்கக் கிண்ணப் பந்தயத்தோடு விடைபெற்றது. நம் ஊரிலிருந்து ஐவர் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டனர். அவருள் நம் தாய்மாமனும் ஒருவர். அவர் அழைத்தமையால் ஆறாவதாக நாமும் ஏறிக்கொண்டோம்.

ஜொகூர்க் கடற்பாலத்தைத் தாண்டுமுன்னரே ஐந்து சாத்திரங்கள் பிறந்துவிட்டன. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் நண்பர், "குதிரையைப் பார்க்காதீர், மேலே இருப்பவனைப் பாரும்!" என்றார். ஓய்வுபெற்ற கிராணியார், குதிரை சுமக்கும் எடையே எல்லாம் என்றார். மூன்றாமவர் வானத்தைப் பார்த்தார்; புல் நனைந்தால் கணக்கே மாறுமாம். நான்காமவரின் கனவில் இறந்துபோன பாட்டி வந்து மூன்று விரலைக் காட்டினாராம். மாமாவோ, ஊரார் கட்டும் குதிரையை விட்டு வேறொன்றைக் கட்டுவதே புத்தி என்றார். எடையும் கனவும் அங்கே சரியாசனத்தில் அமர்ந்திருந்தன!

திடலில் மக்கள் வெள்ளம். 1999இல் திறந்த அந்த அரங்கில் தமிழும் சீனமும் மலாயும் ஒரே குதிரையின் பெயரைக் கூவின. உண்மையை மறைப்பானேன்? குதிரைகள் வளைவில் திரும்பி வந்தபோது நம் நெஞ்சும் துடித்தது. அந்த உயிரின் அழகுக்கு ஈடேது? நாமும் பத்து வெள்ளி கட்டினோம். கட்டும்வரை நமக்கு அபிப்பிராயம் ஏதுமில்லை. கட்டிய மறுகணமே அது அசைக்க முடியாத உண்மையாகிவிட்டது. குதிரை தோற்றதும் காரணங்கள் ஏழெட்டு நம் நாவில் வந்து நின்றன. அறிவு பணத்தின் பின்னே ஓடும் விந்தையை அன்று நம்மிடத்திலேயே கண்டோம்.

நிற்க. கிராணியார் சட்டம் பேசினார். சென்னைக் கிண்டிப் பந்தயம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமை சார்ந்ததே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது மெய்தான். குதிரைக்கும் ஓட்டுவோனுக்கும் பழக்குவோனுக்கும் திறமை உண்டென்பதை யார் மறுப்பார்? ஆனால் சாளரத்தில் சீட்டு வாங்குவோன் நிலை என்ன? கட்டிய பணமெல்லாம் ஒரே குவியலாகிறது. சங்கத்தின் பங்கும் வரியும் முதலில் எடுக்கப்படுகின்றன. எஞ்சியதே வென்றோருக்கு. கணக்குக்காக 100க்கு 20 எடுப்பதாகக் கொள்வோம். 100 வெள்ளி 80 ஆகும். அதையே மீண்டும் கட்டினால் 64 ஆகும். பத்துச் சுற்று முடிந்தால் 11 வெள்ளிகூடக் கூட்டத்தில் மிஞ்சாது. ஒருவன் வெல்லலாம்; ஊர் வெல்லாது. இதில் தலைவிதிக்கு வேலையில்லை. கழித்தல் கணக்குக்கே வேலை.

இந்தக் கணக்கை நாம் பள்ளியில் கற்கவில்லை. லயத்து வீட்டில் கற்றோம். நம் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. அன்னையாரும் அதே மலையில் அதே கத்தி பிடித்தவர். இருவர் சம்பளமும் தந்தையார் கைக்கே வரும். அப்போது பந்தயம் புக்கித் தீமாவில். தந்தையார் அத்திடலைக் கண்ணாலும் கண்டவரல்லர். தோட்டத்துக்கு வந்து காசு வாங்கிப்போகும் ஒருவனிடம் கட்டுவார். கிழமைதோறும் அவருக்கோர் அபிப்பிராயம் இருந்தது. அன்னையாரின் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் அவரே சொன்னார்: "குதிரை எங்கேயோ ஓடுது. நம்ம வீட்டு அரிசி ஏன் அதுகூட ஓடுது?" தந்தையார் விடை கூறவில்லை. அந்த மாதம் அன்னையாரின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று, திரும்பி வரவேயில்லை.

திடலிலிருந்து திரும்பும் வழியில் வேனில் பேச்சு ஓய்ந்தது. "இனி என்ன செய்வது?" என்றார் ஒருவர். "சிலாங்கூர்த் திடல் இருக்கிறதே" என்றார் மற்றவர். "நாலு நம்பர் கடை பக்கத்திலேயே இருக்கிறது" என்றார் மூன்றாமவர். மாமா மட்டும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரை நெருங்கும்போது மெல்லச் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்கப்பா காசை அவன்கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அந்தத் தோட்டு விஷயம் அக்கா என்கிட்டச் சொல்லவே இல்லை."

"நீங்களும் கேட்கவில்லையே, மாமா" என்றோம். அவர் தலையசைத்தார்.

திடல் மூடியதால் சூது மூடிவிடவில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அரசாங்கங்கள் சட்டம் செய்தன. நீதிமன்றங்கள் விளக்கம் தந்தன. நாம் கேட்பது மிகச் சிறிய காரியம். சம்பளத்தில் பாதியை ஈட்டியவள் வீட்டில் இருக்கிறாள். ஓட்டுவோனையும் மழையையும் கனவில் வந்த பாட்டியையும் கேட்கிற நண்பரே, காசைக் கட்டுமுன் அவளையும் ஒரு வார்த்தை கேளும். அன்றைய தினத்தின் அபிப்பிராயங்களிலெல்லாம் பணம் கட்டாமல் பிறப்பது அவளுடையது ஒன்றே.